பேரைச் சொல்லிவிட்டு வா

ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் துவைக்கும் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரை வண்ணாந்துறையில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தாலும் அதைப் படிக்க அங்கே இரண்டு பேர் தேறினால் அதிகம். மேலண்டைக் கோடியில் நல்லம்மாள் நின்று துவைக்கும் கல்லுக்குப் பத்தடி தூரம் இருக்கும்போதே, வருகிறவர் தன் பேரைச் சொல்ல வேண்டும். துறை நாட்டாமை வந்தாலும் "நாட்டாமை வாறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். சூலியா தெரு ஜவுளிக்கடை முதலாளி வந்தாலும் அப்படித்தான். சொல்லாமல் வந்து எதிரே நின்று பல்லைக் காட்டியவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஈரத்துணியின் சாரல். தற்செயலாகப் பட்ட சாரல் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள், "இவ என்ன ஜமீன்தாரிணியா, கட்டியம் சொல்லிக்கிட்டுப் போறதுக்கு?" என்று கேட்பார்கள். ஜமீனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு கல்லும் ஒரு மகளும்தான் அவளுடைய சொத்து. அந்த மகளைப் பிடுங்கப் பார்த்த ஒரு மத்தியானத்தில் பிறந்த சட்டம் அது. கெஞ்சி வாங்கியது அல்ல.

புருஷன் காய்ச்சலில் போனபோது நல்லம்மாளுக்கு இருபத்தாறு வயது, மகள் ஜெயலெட்சுமிக்கு நாலு. ஊறவைப்பது, வெள்ளாவி வைப்பது, நீலம் போடுவது, கஞ்சி போடுவது, உலர்த்துவது எல்லாம் துறையில் பெண்களின் வேலை. கல்லில் அடித்துத் துவைப்பது ஆண்களின் வேலை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நல்லம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, புருஷன் நின்ற தண்ணீரில் இறங்கினாள். "பொம்பள கல்லுல நிக்கிறது நல்லதில்ல" என்று யாரோ கரையிலிருந்து சொன்னார்கள். "சரி, நீங்க எறங்கித் தொவைங்க. நான் கரையில நின்னு புத்தி சொல்றேன்" என்றாள். யாரும் இறங்கவில்லை. அவள் தொடர்ந்து துவைத்தாள்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. துறைக்கு வரும் துணி ஒவ்வொன்றிலும் கழுத்துப்பட்டிக்கு உள்ளே சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி போட்டிருக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்குக் கத்தரிக்கோடு, ஒரு வீட்டுக்கு மூன்று கோடு. எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. வெளுத்து முடித்தபின் பட்டியைத் திருப்பிக் குறியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மூட்டை பிரிப்பார்கள். நல்லம்மாள் திருப்ப மாட்டாள். இருநூறு வெள்ளைச் சட்டை குவிந்து கிடக்கும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. அவள் மேலாகப் பார்த்துக்கொண்டே வீடு வீடாகப் பிரித்துப் போட்டுவிடுவாள். ஒருவர் இடது தோளில் குடை சாத்துவார், அங்கே நூல் நைந்திருக்கும். ஒருவர் மேசையில் முழங்கை ஊன்றுவார். சூலியா தெரு சீனி முகம்மது முதலாளியின் வெள்ளை டிரில் கோட்டில் வலப்பக்கப் பை ஓரம் சாவிக்கொத்து உரசி மினுமினுத்துக் கிடக்கும். கொழுந்தன் அர்ஜுனன்கூட, "அண்ணி சட்டையப் பாத்தே ஜாதகம் சொல்லும்லா" என்று பெருமையடித்துக்கொள்வான். அது அவன் அண்ணியைப் பெருமையாகப் பேசிய காலம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்து அடைமழையில் கல்லடியில் பாசி பிடித்திருந்தது. நல்லம்மாள் ஒரு போர்வையைத் தூக்கி ஓங்கியவள் அப்படியே மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை கல்லின் விளிம்பில் பட்டது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தாள். கட்டில், ஜன்னல் கம்பி, கூரையில் பல்லி எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு ஆண் நின்றான். புருவம் தெரிந்தது. மூக்கு தெரிந்தது. மீசை தெரிந்தது. ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எல்லாம் சேர்ந்து ஓர் ஆளாகவில்லை.

"யாரு நீங்க?"

"அண்ணி, நான் அர்ஜுனன்."

குரலைக் கேட்டதும் அந்த ஆள் அர்ஜுனனாகிவிட்டான். மீசை மட்டும் யாருடையதோவாக இருந்தது. அதற்குள் அர்ஜுனன் ஒரு சிறுமியைக் கட்டிலருகே தள்ளினான். எண்ணெய் வைத்துச் சீவிய தலை, இரண்டு கண், அழுகிற வாய். நல்லம்மாள் அந்த முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது எந்தப் புள்ள?" என்றாள்.

அந்த மூன்று சொல்லை அவள் பிறகு எத்தனையோ தடவை விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. ஜெயலெட்சுமிக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதில் கேட்ட சொல் காதை விட்டுப் போகாது.

வீட்டுக்கு வந்ததும் துறைப் பெண்கள் கூடிப் பேசினார்கள். பார்வையில்தான் கோளாறு என்று முடிவாயிற்று. கண்ணில் கோளாறு என்றால் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்த வேண்டும். வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு கண்ணை வாங்கிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். பூசாரி தட்டை நீட்டும்போது நல்லம்மாள் மடியிலிருந்து ஒரு ஊசியையும் நூலையும் எடுத்தாள். எல்லாரும் பார்க்க, ஒரே தடவையில் கோத்தாள்.

"ஆத்தா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றாள். "ஆனா இந்தக் கண்ணுக்கு எதுக்கு வெள்ளிக் கண்ணு? கெட்டுப்போனது இது இல்ல. அது எதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா அதைச் செஞ்சு சாத்துவேன்."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி கண்மலரைச் சாத்தத்தான் செய்தார். வாங்கி வந்ததைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது.

கெட்டுப்போனது எது என்று கேட்க, அவளே தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அங்கே கட்டுப்போடும் டிரெஸ்ஸர் ஜெயராஜ் என்பவர், அவள் படுத்துக் கிடந்தபோது தலையைக் கவனித்துக்கொண்டவர். அவர் ஒரு கண்ணை மூடச் சொல்லி விரலை ஆட்டினார், மறுகண்ணை மூடச் சொல்லி ஆட்டினார். தூரத்து மணிக்கூண்டில் மணி பார்க்கச் சொன்னார். எல்லாம் சரி.

"ஒங்க கண்ணுல ஒரு கொறையும் இல்ல."

"அது எனக்கே தெரியும், ஐயா. எங்கதான் கொற?"

ஜெயராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு மேசை மேல் கிடந்த செய்தித்தாளைக் காட்டினார். "இதுல என்ன தெரியுது?"

"கறுப்புக் கறுப்பாக் கோடு."

"என் கண்ணுலயும் அதே கோடுதான் விழுது. ஆனா நான் பாத்தா அது ரப்பர் விலை எறங்கிருச்சின்னு சொல்லுது. கண்ணு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலையத்தான் செய்யுது. கோட்ட எழுத்தாக்குறது மண்டைக்குள்ள இருக்கிற மூளை. என்னுது பள்ளிக்கூடத்துல பழகிக்கிச்சு. ஒங்களுது பழகல."

"மொகத்தப் படிக்க யாரும் பள்ளிக்கூடம் போறதில்லையே."

"பொறந்த நாள் மொதலாப் படிக்கிறோம்லா. அதுக்குன்னே பின்மண்டைக்குள்ள ஒரு எடம் இருக்கும்போல. ஒங்களுக்கு அடி விழுந்தது அங்க. இப்படி ரெண்டு மூணு பேரு இருந்ததா ஏதோ புஸ்தகத்துல படிச்சிருக்கேன்னு டாக்டர் தொர சொன்னாரு."

"சரியாயிருமா?"

"தெரியாது. சும்மா ஆறுதலுக்குச் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில் நல்லம்மாளுக்குப் பிடித்திருந்தது. வந்ததிலிருந்து ஆளாளுக்கு ஆறுதல் சொல்லி அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் அவர் சொன்னதைத் தன் தொழிலில் வைத்துப் பார்த்தாள். கண் என்பது மூட்டை தூக்கி வருகிறவள். கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுவாள். எந்தத் துணி எந்த வீடு என்று பிரித்து வைக்க உள்ளே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் முகம் பிரிக்கிறவள் கல்லில் விழுந்து போய்விட்டாள். மற்றவர்கள்? ஜாலான் ரோட்டு ஓரம் நின்று எதிரே வந்த ஒரு சட்டையைப் பார்த்தாள். இடது தோளில் நூல் நைந்திருந்தது. "கொடைக்காரர் வீட்டு அய்யா, சொகமா இருக்கீங்களா?" என்றாள். அவர்தான். சுகமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நல்லம்மாள் தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். துணி பிரிக்கிறவள் உயிரோடு இருக்கிறாள். இந்த ஊரில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் கையால் வெளுத்த துணி. பிறகு என்ன பயம்?

ஒரு மாதத்தில் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று துறை முழுவதும் நம்பியது. அவளும் நம்பவிட்டாள். சட்டையைப் பார்த்துப் பேரைச் சொன்னாள். சட்டையில்லாமல் வந்தவனை அவன் நடையைப் பார்த்து, இருமலைக் கேட்டுப் பிடித்தாள். மகளுக்கு மட்டும் பாவாடை நுனியில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தாள். ஏன் என்று ஜெயலெட்சுமி கேட்டாள். அழகுக்கு என்றாள் நல்லம்மாள். அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அது, அதற்கு அவள் சீக்கிரமே வட்டி கட்டினாள்.

ஒருநாள் ஜெயலெட்சுமி மழையில் நனைந்து, சித்தப்பன் அர்ஜுனன் மகளுடைய பாவாடையை வாங்கிக் கட்டிக்கொண்டு பாசார் கடைத்தெருவுக்கு வந்தாள். எதிரே கூடையோடு அம்மா. சிறுமி நடுவழியில் நின்று, பேசாமல், அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஆஸ்பத்திரி நாளிலிருந்து அவளுக்குள் இருந்த சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நின்றாள். நல்லம்மாள், "வழி விடு தாயி" என்று சொல்லிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஜெயலெட்சுமி வீட்டுக்கு வரவில்லை. சித்தப்பன் வீட்டில் இருப்பதாகச் சொல்லியனுப்பினாள். நல்லம்மாள் போய்க் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து, "ஒனக்குத்தான் என்னத் தெரியாதே" என்ற குரல் வந்தது. நல்லம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. எட்டு வயதுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தோன்றவில்லை. அர்ஜுனன் வாசலில் நின்று, "கொஞ்ச நாளு இருக்கட்டும், அண்ணி" என்றான். அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. செத்தவன் கல் அவன் பிள்ளைக்கு, பிள்ளை பெரிசாகும்வரை வளர்க்கிறவருக்கு என்பது துறை வழக்கம். அர்ஜுனன் ஒரு கல்லில் நின்றுகொண்டு பக்கத்துக் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தவன்.

அடுத்த மாதம் ஜெலுத்தோங் பக்கம் கணக்கெழுதும் ஒரு கிராணி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது நடக்க வெள்ளைத் துணி விரிப்பது துறைக்காரர்களின் உரிமை. மாற்று விரிப்பது என்பார்கள். நல்லம்மாள் கஞ்சி போட்ட மாற்றைச் சுருள் சுருளாக விரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். மேளம் நெருங்கியது. துணி மேல் வந்து நின்ற ஆளை நிமிர்ந்து பார்த்தாள். மாலைக்குக் கீழே வெள்ளை டிரில் கோட்டு. வலப்பக்கப் பை ஓரம் மினுமினுப்பு.

"முதலாளி, நீங்களும் வந்திட்டீங்களா?" என்றாள் சந்தோஷமாக. "சலாமலைக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மாப்பிள்ள வரணும்."

மேளம் நின்றுபோயிற்று.

துறைக்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வெளுக்க வந்த நல்ல துணியை ஒரு நாளைக்கு வாடகைக்கு விடுவார்கள். எல்லாரும் செய்வார்கள், எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். சீனி முகம்மது முதலாளியின் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாக வாங்கிப்போன அர்ஜுனன், அதை மாப்பிள்ளைக்கு விட்டிருந்தான். ஒரு வாக்கியத்தில் நல்லம்மாள் இரண்டு மூட்டையை அவிழ்த்துவிட்டாள். மாப்பிள்ளை போட்டிருப்பது இரவல் கோட்டு. அதை வெளுத்தவளுக்கு முகம் தெரியாது.

பெண் வீட்டார் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கவில்லை. மறுநாளே சூலியா தெருவிலிருந்து ஆள் வந்து, கோட்டை இரவல் விட்டவர் யார் என்று தெரியும்வரை அந்தத் தெருவிலிருந்து ஒரு மூட்டையும் வராது என்று முதலாளி சொன்னதைச் சொல்லிவிட்டுப் போனான். துறை கொதித்தது. அர்ஜுனன் முந்திக்கொண்டான். கோட்டு நல்லம்மாள் கையில் வெளுத்தது, அவள்தான் விட்டிருப்பாள், விட்டதும் மறந்திருக்கும், அவளுக்குப் புத்தி பேதலித்து மாதக்கணக்காகிறது, கிலா, அதாவது பைத்தியம், என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு குடும்பம் மூடி மறைத்தது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

அமாவாசையன்று துறையில் வெள்ளாவி வைப்பதில்லை. அன்று மத்தியானம் ராமர் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. நாட்டாமையோடு சேர்த்து ஏழு பேர், ஏழு பேர் தோளிலும் வெளுத்து மடித்த வெள்ளைத் துண்டு. அர்ஜுனனும் அந்த ஏழில் ஒருவன். நல்லம்மாள் எதிரே தனியாக நின்றாள்.

"கோட்டு சமாச்சாரத்த விடுங்க" என்றான் அர்ஜுனன், தனக்கு வசதியான இடத்தில் ஆரம்பித்து. "பெத்த புள்ள மொகம் தெரியாதவ கையில புள்ளைய எப்படி விடுறது? நாளைக்கு வேற புள்ளயக் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவா. எங்கண்ணன் ரத்தம் அது. நான் வளர்க்கிறேன். அண்ணிய அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிரலாம்."

"ஒனக்குத் தெரியுதா தெரியலையா, நல்லம்மா?" என்றார் நாட்டாமை.

அவள் வாயைத் திறப்பதற்குள் அர்ஜுனன் கைதட்டினான். கோயில் பின்னாலிருந்து சிறுமிகள் வரிசையாக வந்தார்கள். எட்டுப் பேர். ஒரே உயரம் பார்த்து எடுத்திருந்தான். கழுத்திலிருந்து கால்வரை ஒவ்வொருத்தியையும் வெள்ளை மாற்றில் சுற்றியிருந்தது. தோடு இல்லை, பொட்டு இல்லை, தலைமுடி பின்னால் இழுத்துக் கட்டியிருந்தது. பேசக் கூடாது, அசையக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தான்.

"பெத்தவ பாத்ததும் சொல்லணும்" என்றான். "சொல்லட்டும்."

நல்லம்மாள் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். கண், மூக்கு, வாய். கண், மூக்கு, வாய். எட்டும் எட்டுத் துலக்கமான முகம், எட்டும் படிக்கத் தெரியாத தாள். ஜெயலெட்சுமியின் வலது மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு உண்டு. அது துணிக்குள் இருந்தது. ஒருத்தியின் கீழுதடு நடுங்கியது. தன் மகள் என்பதால் நடுங்குகிறதா, யாரோ பெற்ற பிள்ளை பயத்தில் நடுங்குகிறதா? எட்டில் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொல்லிப் பார்க்கலாம். தப்பினால் மகள் போய்விடுவாள். சரியாகச் சொல்லிவிட்டாலோ, நாளைக்கும் இதே பொய், மறுநாளும் இதே பொய். சிவப்பு நூல் முடிச்சு நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அர்ஜுனன் மேல் பாதி, தன் மேல் பாதி.

திரும்பி வந்து நடுவில் நின்றாள்.

"தெரியல" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "எம் மவ மொகம் எனக்குத் தெரியல. ஒங்க யாரு மொகமும் தெரியல. விழுந்த நாள்லேருந்து தெரியல. மறைச்சது என் தப்பு. இனிமே மறைக்க மாட்டேன்."

கூட்டம் முணுமுணுத்தது. அர்ஜுனன் நாட்டாமையைப் பார்த்துக் கையை விரித்தான், வேலை முடிந்தது என்பதுபோல்.

"இருங்க, முடியல" என்றாள் நல்லம்மாள். "நாட்டாம, ஒங்க ஏழு பேரு துண்டையும் கழட்டிக் குடுங்க."

எதற்கென்று தெரியாமலே கொடுத்தார்கள். கேட்ட தோரணை அப்படி. அவள் ஏழையும் உதறி, ஒரே அளவில் மடித்து, குறி உள்ளே போகும்படி வைத்து, முதுகைத் திருப்பிக் கலைத்து, படிக்கட்டில் வரிசையாக அடுக்கினாள்.

"அவங்கவங்க துண்ட அவங்கவங்க எடுத்துக்கங்க. பிரிக்கக் கூடாது."

நாட்டாமை குனிந்து பார்த்தார். ஒன்றைத் தொட்டார், விட்டார். பக்கத்திலிருந்தவரும் அதையே தொட்டார். "இது என்னுது." "இல்ல, என்னுது." மூன்றாமவர் தாடையைச் சொறிந்தார். ஏழு பேரும் துணியிலேயே பிறந்து துணியிலேயே வளர்ந்தவர்கள். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

"குறி பாக்காம எப்படிச் சொல்றது?" என்று எரிந்து விழுந்தான் அர்ஜுனன்.

"அதத்தான் கேக்கிறேன், தம்பி. குறி பாக்காம எப்படிச் சொல்றது?"

அர்ஜுனன் வாயை மூடினான். கொஞ்சம் பிந்திவிட்டது.

நல்லம்மாள் ஒவ்வொன்றாக எடுத்தாள். "இது நாட்டாமையோடது, ஓரத்துல மூக்குப்பொடிக் கறை லேசா நிக்குது. இது நாட்டாமையோட சம்மந்தி வீட்டுது, இவங்க கஞ்சியத் தண்ணியாப் போடுவாங்க. இது எங்க கொழுந்தன்து. நீலம் தூக்கலா இருக்கு, எப்பவும்போல." ஏழையும் சொன்னாள். பிரித்துக் குறி பார்த்தார்கள், ஏழும் சரி. "வந்து வாங்கிக்கங்க. நீட்ட முடியாது, யாரு யாருன்னு எனக்குத் தெரியாதே."

இப்போது கூட்டமே சிரித்தது. நாட்டாமையும் சிரித்தார். நல்லம்மாள் சிரிக்கவில்லை.

"ஒங்க தோள்ல கெடந்த துண்டு ஒங்களுக்குத் தெரியல. ஒங்களக் குருடன்னு நான் சொன்னேனா? கிலான்னு சொல்லிக் கப்பல் ஏத்துனேனா? துண்டு கண்ணுக்குத் தெரியுது, யாரோடதுன்னு உள்ள பிரிக்க முடியல. எனக்குத் துணி பிரியுது, மொகம் பிரியல. அவ்வளவுதான் வித்தியாசம். கண்ண மட்டும் நம்பிப் பொழப்பு நடத்த முடியாதுன்னுதான நம்ம பாட்டன் பூட்டன் சேங்கொட்டைய ஒரசுனான்? இந்தத் தொறையே குறியில நிக்கிது. எம் புள்ளைக்கு ஒரு குறி வேணும்னு சொன்னா மட்டும் நான் பெத்தவ இல்லாமப் போயிருவேனா?"

ஏழு பேரும் ஒவ்வொருவராக வந்து தங்கள் துண்டை வாங்கிக்கொண்டார்கள்.

"அப்புறம் அந்தக் கோட்டு. கொண்டு போய்க் குடுக்கிறேன்னு வாங்கிட்டுப் போனது யாருன்னு முதலாளிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அர்ஜுனன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம் சரி, நல்லம்மா" என்றார் நாட்டாமை. குரல் இறங்கியிருந்தது. "புள்ள எதுன்னு நீ இன்னும் சொல்லலையே."

நல்லம்மாள் எட்டு வெள்ளைத் துணிகளின் பக்கம் திரும்பினாள். தைரியமெல்லாம் அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. கூப்பிட்டு, மகள் வராவிட்டால்? பாசாரில் வழிவிடச் சொல்லிவிட்டுப் போன அம்மாவிடம் ஏன் வர வேண்டும்? ஒருவேளை பெரியவர்கள் பயமுறுத்தி வைத்திருந்தால்? ஏழு துண்டையும் சரியாகச் சொன்ன கண் எட்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை.

"நான் ஏன் சொல்லணும்?" என்றாள். "எனக்குத்தான் அவளத் தெரியல. அவளுக்கு என்னைத் தெரியும்."

முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஜெயா, அன்னிக்குப் பாசார்ல ஒன்ன நான் வேண்டாம்னு போகல. நீன்னு தெரியாமப் போனேன். அம்மா தலைக்குள்ள மொகம் பிரிக்கிற எடம் ஒடைஞ்சு போச்சு. நீ ஒடைஞ்சு போகல. இனிமே நான் ஒன்னத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டேன். நீதான் வந்து சொல்லணும். வாறியா?"

வரிசை அசையவில்லை. அர்ஜுனன் தொண்டையைக் கனைத்தான். பிறகு இடது கோடியிலிருந்து மூன்றாவது துணி ஒரு அடி முன்னால் வந்தது. கால் தடுக்கியது. துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நடந்து வந்தாள். உதடு நடுங்கியவள் இவள் இல்லை. நல்லம்மாள் அந்த முகத்தையே பார்த்தாள். கண், மூக்கு, வாய். நெருங்க நெருங்கப் பெரிதாயிற்றே தவிர, யாருடையதாகவும் ஆகவில்லை. யாரோ அனுப்பிய பிள்ளையாகவும் இருக்கலாம். கையை மடக்காமல் காத்திருந்தாள்.

சிறுமி கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

"அம்மா," என்றாள், "ஜெயலெட்சுமி வாறேன்."